முதலில் வரிசை, பிறகு புத்தகம்: வேலையில் இருப்பவர் எம்.பி.பி.எஸ். விண்ணப்பிக்கும் முறை

2025 ஜூலையில் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவருக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. அவருடைய மகளும் அதே ஆண்டு நீட் எழுதியதால் செய்தி வேகமாகப் பரவியது. எல்லோரும் பேசியது அவருடைய வயதைப் பற்றி. இந்த அத்தியாயத்தைப் படிக்கும் நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய மதிப்பெண்ணை: 720க்கு 147. அந்த ஆண்டு பொதுப் பிரிவில் தகுதி பெறவே 144 வேண்டியிருந்தது. பொதுப் பிரிவிலோ பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலோ தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் இடம் பெற அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் தேவைப்பட்டது. அவருக்கு இடம் கிடைத்தது மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில். 2020 டிசம்பரில் ஒடிசாவின் புர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த 64 வயது ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கும் அதே ஒதுக்கீடுதான் வழிவிட்டது. 2022 ஜனவரியில் தருமபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் சென்னைக் கலந்தாய்வு வரை சென்றது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில். நாடறிந்த இந்த மூன்று பேரில் பொதுத் தரவரிசையில் நின்று இடம் பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

இதைச் சொல்வது அவர்களுடைய உழைப்பைக் குறைக்க அல்ல. சட்டம் தந்த உரிமையை உரிய காகிதங்களோடு கேட்டு வாங்கினார்கள், அவ்வளவுதான். நடுவயதில் விண்ணப்பிப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு: நீங்கள் எந்தத் தரவரிசைப் பட்டியலில் நிற்கிறீர்கள் என்பதே உங்கள் இலக்கு மதிப்பெண்ணை முடிவு செய்கிறது. இலக்கு தெரிந்தால்தான் எத்தனை மாதம் படிக்க வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும், வேலையை எப்போது விடலாம் என்று கணக்குப் போட முடியும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கோச்சிங் கட்டணம் கட்டுகிறார்கள், பிறகு வேலையை விடுகிறார்கள், சான்றிதழ்களைக் கலந்தாய்வு வாரத்தில் தேடுகிறார்கள். இந்த அத்தியாயம் வரிசை, காகிதம், பணம், புத்தகம், விண்ணப்பம் என்ற ஒழுங்கில் போகிறது. ஒழுங்கை மாற்றாதீர்கள்.

தகுதி உண்டா: ஒரே மாலையில் முடிக்க வேண்டிய சோதனை

வயது தடையில்லை. சேரும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. 25, 30 என்று இருந்த உச்சவரம்பு சில ஆண்டுகள் நீதிமன்றங்களில் வழக்காக நின்றது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் அதை நீக்க முடிவெடுத்து, 2022 மார்ச்சில் அறிவித்தது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பில்லை.

தடை வருவதெல்லாம் பிளஸ் டூவில்தான்.

1. பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழை எடுத்து இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாக இருந்தால் அதுவும் உயிரியல்தான்.
2. முதல் மூன்று பாடங்களின் கூட்டு மதிப்பெண் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும். பிறகு வாங்கிய பி.எஸ்சி. பட்டமோ நர்சிங் பட்டமோ இந்தக் குறையை ஈடுசெய்யாது.
3. கணிதமும் கணினி அறிவியலும் படித்து உயிரியல் இல்லாமல் முடித்தவர்கள், அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறலாம். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கு வழிவிட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஒரு வாய்ப்பு. இதற்கு ஓர் ஆண்டு ஒதுக்குங்கள்.
4. பத்தாவதுக்குப் பிறகு நேராக டிப்ளமா போனவர்களுக்குப் பிளஸ் டூவே இல்லை. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்த வரிசை உங்களுடையது

நீட் தேறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. 2025ல் தமிழ்நாட்டில் மட்டும் தகுதி பெற்றோர் 76 ஆயிரத்தைத் தாண்டினார்கள். மாநிலத்தின் மொத்த எம்.பி.பி.எஸ். இடங்களோடு ஒப்பிட்டால் தகுதி என்ற சொல்லுக்கு எவ்வளவு சிறிய பொருள் என்பது தெரியும். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது, மீதி 85 சதவீதம் மாநிலத் தேர்வுக் குழுவிடம். மாநில இடங்களில் 69 சதவீத இடஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. இவற்றின் ஊடாக மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீதம்.

கடைசியாகச் சொன்ன ஒதுக்கீடு நடுவயதினருக்கு மிக முக்கியமானது. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை நிபந்தனை. அந்தப் படிப்பு எந்த ஆண்டு முடிந்தது என்பது தடையாக நிற்கவில்லை என்பதற்குத் தருமபுரி ஆசிரியரே சான்று. நகராட்சிப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஆகியவையும் இதில் அடங்கும். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

எச்சரிக்கை: அரசு உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. நம் சங்கரன்கோவில் பக்கம் பழைய பள்ளிகளில் பல உதவிபெறுபவை. கட்டணம் இல்லாமல் படித்ததால் அதை அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இடையில் ஒரே ஓர் ஆண்டு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் இந்த வரிசை உங்களுடையதல்ல. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுக்கும் கையிலுள்ள அடையாள அட்டை மட்டும் போதாது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதோடு, மருத்துவம் படிக்கும் திறனை இதற்கென நியமிக்கப்பட்ட மருத்துவக் குழு மதிப்பிட வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: மாநிலத் தேர்வுக் குழு கடந்த ஆண்டு வெளியிட்ட இறுதிச் சுற்று ஒதுக்கீட்டுப் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பிரிவில் அரசுக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைத் தேடி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வினாத்தாளின் கடினம் மாறுவதால் அந்த எண்ணும் மாறும். முந்தைய இரண்டு ஆண்டுகளின் எண்களையும் அருகே எழுதிவையுங்கள். உங்கள் உழைப்புக்கான அளவுகோல் அதுதான்.

காகிதங்கள்: தாமதம் இங்கேதான் நடக்கும்

பதினேழு வயது மாணவரின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே கணினியிலிருந்து வந்தவை. உங்களுடையவை முப்பது ஆண்டு வரலாற்றைச் சுமந்திருப்பவை. சங்கரன்கோவிலில் பிறந்து படித்த 45 வயதுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 1986ல் திருநெல்வேலி மாவட்டம் பிரிந்து, இந்தப் பகுதி நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆயிற்று. 1997ல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வைக்கும் வழக்கம் கைவிடப்பட்டு மறுபடியும் திருநெல்வேலி ஆனது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். ஆகவே ஒரே ஊரைச் சொல்லும் மூன்று சான்றிதழ்களில் மூன்று மாவட்டப் பெயர்கள் இருக்கலாம். சுற்றுக் கிராமத்தவரானால் தாலுகாவே மாறியிருக்கும். திருவேங்கடம் இப்போது தனித் தாலுகா. இதெல்லாம் குற்றமில்லை. ஆனால் சென்னையில் உட்கார்ந்து சான்றிதழ் பார்ப்பவருக்கு இந்த வரலாறு தெரியாமல் போகலாம். இன்றைய பெயரோடு புதிய கணினிச் சான்று வாங்கி வைத்திருந்தால் கேள்வியே எழாது.

அடுத்த சிக்கல் இனிஷியல். பத்தாவது சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் தந்தையின் முழுப்பெயர் பின்னால், வங்கியில் கணவர் பெயர் என்று ஒருவருக்கே மூன்று பெயர்கள் உண்டு. மணமான பெண்களுக்கு இது நிச்சயம் நேரும். எல்லாவற்றையும் திருத்த முயல வேண்டாம். பத்தாவது சான்றிதழை அசையாத கல்லாக வைத்துக்கொண்டு ஆதாரை அதற்கேற்ப மாற்றுங்கள். சாதிச் சான்றும் பெண்ணுக்குத் தந்தை வழியில்தான், கணவர் வழியில் வாங்கியது செல்லாது.

1. பள்ளிக்கு நேரில் போய் 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்க நாள் பிடிக்கும். தேர்வுக் காலத்தில் போகாதீர்கள்.
2. மதிப்பெண் சான்றிதழ் தொலைந்திருந்தால் காவல் துறையின் தொலைந்த ஆவண அறிக்கை பெற்று, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் நகல் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம்.
3. சாதி, இருப்பிட, வருமானச் சான்றுகளை இ-சேவை மையம் வழியாகப் பதியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அது மேலேறும். பழங்குடியினர் சான்று கோட்டாட்சியரிடம். கோட்டாட்சியர் அலுவலகம் இப்போது சங்கரன்கோவிலிலேயே உண்டு.
4. அகில இந்திய 15 சதவீதத்துக்கும் போட்டியிடும் பிற்படுத்தப்பட்டோர், மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். மாநிலச் சான்று அங்கே எடுபடாது.

குறிப்பு: கலந்தாய்வு பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வரும். சங்கரன்கோவிலின் ஆடித் தபசுத் திருவிழாவும் அப்போதுதான். உள்ளூர் விடுமுறை விடுவார்கள், ஊரே கோமதி அம்மன் வீதியுலாவில் இருக்கும், அலுவலகங்களில் கோப்பு நகராது. காகித வேலை அனைத்தையும் அதற்கு முந்தைய தை மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

வேலையும் பணமும்

எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பும் ஓர் ஆண்டுப் பயிற்சி மருத்துவமும் சேர்ந்தது. வகுப்புக்கு 75 சதவீதமும் செய்முறைக்கு 80 சதவீதமும் வருகை வேண்டும். இதை வேலையோடு சேர்த்துச் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பகுதிநேர எம்.பி.பி.எஸ்., தொலைநிலை எம்.பி.பி.எஸ். என்று ஒன்று இந்தியாவில் கிடையாது. முதலாண்டுத் தேர்வுக்கு அதிகபட்சம் 4 முயற்சிகள், மொத்தப் படிப்பையும் 9 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். அரசு ஊழியரின் படிப்பு விடுப்பு இந்தக் காலத்தை மூடப் போதாது. விருப்ப ஓய்வுக்குத் தேவையான பணிக்காலம் முடியச் சில மாதங்களே பாக்கி என்றால், அது முடிந்த பிறகு விண்ணப்பிப்பதே புத்தி.

அரசுக் கல்லூரிக் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமையாகாது. உண்மையான செலவு ஐந்தரை ஆண்டுகள் வராமல் போகும் சம்பளம். அதைத் தாளில் எழுதுங்கள்: மாதச் செலவு, வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகள் படிப்பு, பெற்றோர் மருத்துவம். 66 மாதங்களால் பெருக்குங்கள். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடமே ஆண்டுக்கு 4 லட்சத்தைத் தாண்டும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 20 லட்சத்துக்கும் மேல். 45 வயதில் அந்தக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டுவது கூடாது என்பது என் உறுதியான கருத்து. 51 வயதில் வெளியே வந்து புதிதாகத் தொழில் தொடங்கும் மருத்துவர் அந்தக் கடனை 60ஐத் தாண்டியும் சுமப்பார்.

பாதுகாப்பு: வேலையோடு நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். குடும்பத்துக்குத் தனிக் காப்பீடு எடுத்து, காத்திருப்புக் காலம் வேலையில் இருக்கும்போதே கழியும்படி செய்யுங்கள்.

படிப்பு: நாற்பது வயது மூளைக்கு ஏற்ற கணக்கு

நினைவு மங்கிவிட்டது, பிள்ளைகளோடு போட்டி போட முடியாது என்ற தயக்கத்தில் பாதி உண்மை. வேகம் குறைந்திருக்கும். ஆனால் நீட் வினாத்தாளின் அமைப்பு பொறுமையாகப் படிப்பவருக்கு இடம் தருகிறது. 180 கேள்விகளில் 90 உயிரியல், 45 இயற்பியல், 45 வேதியியல். சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். அதாவது 720ல் 360 உயிரியலில் இருக்கிறது. அது திரும்பத் திரும்பப் படிப்பதால் வசப்படும் பாடம்.

மருத்துவத் துறையிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் ஆகியோர் உயிரியல் நமக்குத் தெரியும் என்று அதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். தேர்வு கேட்பது வார்டில் பார்த்ததை அல்ல. தாவரத் திசு, ஒளிச்சேர்க்கை, மரபியல், சூழலியல் என்று ஏறத்தாழப் பாதி தாவரவியல். விடைகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரிகளிலிருந்து வருகின்றன. அனுபவத்தை வைத்து விடை தேர்ந்தெடுத்தால் தவறிப்போகும்.

1. முதல் ஆறு மாதம்: என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் இரண்டு புத்தகங்கள், வரி வரியாக. தமிழில் படித்தவர்கள் மாநிலப் பாடநூலை இணையத்தில் இலவசமாக எடுத்துத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் காலத்துப் புத்தகம் வேண்டாம். 2018க்குப் பிறகு மேனிலைப் பாடநூல்கள் முற்றிலும் மாறிவிட்டன.
2. அடுத்த ஆறு மாதம்: வேதியியலும் இயற்பியலும். கணக்கு மறந்தவர்கள் மடக்கை, முக்கோணவியல், எளிய வகையீடு மூன்றையும் இரண்டு வாரத்தில் ஓட்டிவிட்டு இயற்பியலைத் தொடுங்கள். இதைத் தாண்டிக் குதித்தவர்கள் இயக்கவியலிலேயே நின்றுவிடுகிறார்கள்.
3. கடைசி ஆறு மாதம்: வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வு, பிற்பகல் 2 மணி முதல் 5 வரை, ஓ.எம்.ஆர். தாளில், கறுப்புப் பந்துமுனைப் பேனாவில். உண்மைத் தேர்வு அந்த நேரத்தில்தான். மதியத் தூக்கத்துக்குப் பழகிய உடம்பை மாற்ற மாதங்கள் வேண்டும்.

தினம் மூன்று மணி நேரம், ஞாயிறு ஆறு மணி நேரம். இதற்கு மேல் திட்டம் போட்டால் மூன்றாம் வாரம் முறியும். தூக்கத்தை வெட்டிப் படிக்காதீர்கள். நாற்பதைக் கடந்தவர்கள் தொடங்கும் முன்பே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுவது நல்லது. வீட்டுக்குப் பக்கத்தில் விசைத்தறி ஓடினால் மாதிரித் தேர்வை அந்தச் சத்தத்திலேயே எழுதிப் பழகுங்கள், தேர்வறை ஒருபோதும் முழு அமைதியாக இருப்பதில்லை.

டிசம்பரில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சுவரில் ஒட்டிய எண்ணில் முக்கால் பங்காவது மாதிரித் தேர்வில் வருகிறதா? வந்தால் கடைசி இரண்டு மாதத்துக்கு ஊதியமில்லா விடுப்பு கேளுங்கள். வராவிட்டால் அந்த ஆண்டைப் பயிற்சியாக எழுதிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

இளையவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறோமா?

தருமபுரி ஆசிரியர் கலந்தாய்வு வரை போய்விட்டு இடத்தை விட்டுக்கொடுத்தார். மருத்துவரான அவருடைய மகன், அந்த இடம் ஒரு மாணவருக்குப் போகட்டும் என்று வலியுறுத்தியதாகச் செய்திகள் சொல்லின. இந்த ஆட்சேபத்தை லேசாகத் தள்ள முடியாது. அரசுக் கல்லூரி இடம் ஒவ்வொன்றும் மக்கள் வரிப்பணத்தில் நிற்பது. 18 வயதில் சேர்பவர் நாற்பது ஆண்டுகள் மருத்துவம் பார்ப்பார், 61 வயதில் சேர்பவர் வெளியே வரும்போது 66 தாண்டியிருக்கும்.

ஆனால் இந்த வாதம் 61க்குப் பொருந்துவது போல 40க்குப் பொருந்தாது. 40ல் சேர்பவருக்கு இருபது ஆண்டுக்குக் குறையாத தொழில் வாழ்க்கை எஞ்சியிருக்கிறது. மேலும் ஆண்டுகளை மட்டும் எண்ணுவது சரியான கணக்காகாது. அவற்றில் எத்தனை ஆண்டுகள் எந்த ஊரில் கழிகின்றன என்பதையும் எண்ண வேண்டும். தென்காசி மாவட்டத்தில் இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோதான் போக வேண்டும். சங்கரன்கோவிலிலேயே வீடும் குடும்பமும் உள்ளவர், இங்குள்ள அரசு மருத்துவமனையிலோ சொந்தக் கிளினிக்கிலோ இருபது ஆண்டு உட்கார வாய்ப்பு அதிகம். விதியும் வயதைப் பார்க்கவில்லை, தரவரிசையைத்தான் பார்க்கிறது. என் தீர்ப்பு இது: படித்து முடித்து முழுநேரம் மருத்துவம் பார்க்கும் எண்ணம் இருந்தால் கூச்சமில்லாமல் போட்டியிடுங்கள். பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் அரசு இடத்தைத் தொடாதீர்கள்.

நோயாளிகளோடு இருக்க வேண்டும் என்பதே உள்ளூர ஆசை என்றால் சித்த மருத்துவத்தையும் கணக்கில் எடுங்கள். 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் நீட் மதிப்பெண்தான் அடிப்படை.

விண்ணப்பமும் கலந்தாய்வும்

1. நீட் விண்ணப்பம் வழக்கமாக ஆண்டுத் தொடக்கத்தில் திறக்கும், தேர்வு மே முதல் ஞாயிறன்று வருவது வழக்கம். தேர்வு நகரமாகத் திருநெல்வேலியை முதலில் வையுங்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பேருந்துப் பயணம் என்பதால் முதல் நாளே போய்த் தங்குங்கள். ஒன்றரை மணிக்கு மேல் வாயில் மூடப்படும்.
2. வினாத்தாள் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. கலைச்சொற்களை இரு மொழியிலும் படித்திருக்க வேண்டும்.
3. முடிவு வந்ததும் மாநிலத் தேர்வுக் குழுவுக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். நீட் விண்ணப்பமே போதும் என்று இருந்துவிட்டால் தரவரிசையில் உங்கள் பெயரே இருக்காது. 7.5 சதவீதத்துக்குரிய கட்டத்தை அதில் குறிக்க மறந்தால் பிறகு சேர்க்க முடியாமல் போகலாம். அகில இந்திய இடங்களுக்கும் தனியாகப் பதிய வேண்டும்.
4. கல்லூரி விருப்பப் பட்டியலில் குடும்பத்துக்கு எட்டும் கல்லூரிகளை மேலே வையுங்கள். திருநெல்வேலி, விருதுநகர், தூத்துக்குடி, மதுரை. விருதுநகருக்குச் சங்கரன்கோவில் நிலையத்திலிருந்தே ராஜபாளையம், சிவகாசி வழியாக ரயில் உண்டு. ஆனால் நான்கோடு நிறுத்தாதீர்கள். சேர மனமுள்ள எல்லாக் கல்லூரிகளையும் கீழே அடுக்குங்கள். எழுதாத கல்லூரி கிடைக்கவே கிடைக்காது.

எச்சரிக்கை: கலந்தாய்வுக்கு வெளியே இடம் கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் தேர்வுக் குழு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கையில் சேமிப்பு இருக்கும் என்பதால் நடுவயதினரைத்தான் இவர்கள் தேடி வருகிறார்கள். வெளிநாட்டுப் படிப்பை விற்கும் முகவர்கள் சொல்லாமல் விடுவதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே போகவும் நீட் தகுதி வேண்டும். படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது. அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து 300 மதிப்பெண் தகுதித் தேர்வில் 150, அதன் பிறகு இந்தியாவில் இன்னொரு 12 மாதப் பயிற்சி. அந்தக் கணக்கில் 42 வயதில் புறப்படுபவர் 50 வயதில்தான் உள்ளூரில் பலகை மாட்ட முடியும்.

ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்ததும் கல்லூரி உங்கள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பல சான்றொப்ப நகல்கள் எடுத்துவிடுங்கள். ஓய்வூதியத்துக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் அவை தேவைப்படும். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை பற்றிய உறுதிமொழிப் பத்திரத்தைக் கையெழுத்திடும் முன் முழுதாகப் படியுங்கள். கட்டணம் கட்டிய ரசீதும் சேர்க்கைச் சான்றும் கைக்கு வந்த பிறகு, பணி விலகல் கடிதத்தை அலுவலகத்தில் கொடுங்கள். அதுவரை உங்கள் விடுப்புக் கணக்கில் பத்து நாளாவது மிச்சம் இருக்கட்டும்.